ஒரு நாணயமும் ஐந்து நாட்களும்

சேப்பாக்கத்தில் டெஸ்ட் போட்டி தொடங்கும் நாளில், காலை ஒன்பது மணியளவில், அனுப்பம்பட்டு இரயில் நிலையத்தை அடுத்த தேநீர்க் கடைகளிலும், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் புறப்படும் பேருந்துகளிலும் எழும் முதற்கேள்வி ஒன்றே: "டாஸ் யாருக்கு?" விடை சாதகமாக வந்தால் முகங்கள் மலர்கின்றன. பாதகமாக வந்தால், ஒரு பந்துகூட வீசப்படாத நிலையிலேயே, தோல்விக்கான காரணம் ஆயத்தமாகிவிடுகிறது. இந்தியா வென்ற மாலைகளில் அந்தக் காசை எவரும் நினைப்பதில்லை. தோற்ற மாலைகளில் மட்டும் "டாஸ் போனபோதே ஆட்டமும் போயிற்று" என்ற பெருமூச்சு கேட்கிறது. வெற்றி வந்தால் நம் திறமை, தோல்வி வந்தால் தலைவிதி என்று பேசும் பழக்கம் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர் அறிவர்.

அந்தப் பெருமூச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது? ஐந்து நாட்கள் இருபத்திரண்டு பேர் வெயிலில் நின்று படும் பாடு முழுவதும், ஒரு நொடியில் சுழன்று விழும் காசுக்குக் கட்டுப்பட்டதுதானா? இதை ஆராயப் பழவேற்காட்டு ஏரிக்கரை பொருத்தமான இடம். அங்குள்ள மீனவர், வலை வீசும் இடத்தையே சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். அதிர்ஷ்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் பிறகு வருவோம். முதலில் காசின் கதை.

கிரிக்கெட்டின் மிகப் பழைய எழுத்து விதிகள் 1744ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஸ்டம்புகளை எங்கே நடுவது என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும் என்பது அவ்விதிகளிலேயே உண்டு. அக்கால இங்கிலாந்தில் செல்வந்தர்கள் இந்த ஆட்டத்தின்மீது பெரும் பந்தயப் பணம் கட்டினார்கள். யாருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு நடுவர் தேவைப்பட்டார். காசு அந்த வேலையைப் பார்த்தது. ஆனால் 1774இல் விதிகளைத் திருத்தியபோது, வெளியூரிலிருந்து வந்த அணியே ஆடுகளத்தையும் முதலில் ஆடும் உரிமையையும் தேர்ந்துகொள்ளலாம் என்று எழுதினார்கள். களம் உள்ளூர்க்காரனுடையது, தேர்வு விருந்தாளியுடையது என்ற ஏற்பாடு அது. விருந்தோம்பல் என்றும் சொல்லலாம். உள்ளூர்க்காரனை முழுதும் நம்பக் கூடாது என்ற உலக அறிவு என்றும் சொல்லலாம். பிற்காலத்தில் அந்த உரிமை மீண்டும் காசிடமே போய்ச் சேர்ந்தது. ஆயினும் 1774இன் கருத்து மறையவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது தலைகாட்டியதைக் காண்போம்.

இன்றைய விதியின்படி, ஆட்டம் தொடங்குவதற்கு முப்பது நிமிடங்களுக்கு முன்னதாகவும் இருக்கக் கூடாது, பதினைந்து நிமிடங்களுக்குப் பின்னதாகவும் இருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் களத்திலேயே, நடுவர் பார்க்க, காசு சுண்டப்பட வேண்டும். உள்ளூர்த் தலைவர் சுண்டுவார். வெளியூர்த் தலைவர் பூவா தலையா என்று சொல்வார். வென்றவர் முதலில் மட்டை பிடிப்பதா, பந்து வீசுவதா என்று தேர்ந்துகொள்வார். காசு தருவது அவ்வளவுதான். ஓட்டத்தையோ விக்கெட்டையோ அது எவருக்கும் தருவதில்லை.

ஆயினும் அந்தத் தேர்வு எளியதன்று. காரணம் மண். ஒருநாள் ஆட்டத்தில் ஆடுகளம் மாலைக்குள் பெரிதாக மாறிவிடுவதில்லை. ஐந்து நாள் ஆட்டத்தில் அது நம் கண்முன்னே முதுமை அடைகிறது. முதல்நாள் உருளையால் அழுத்திய, ஈரம் உள்ளடங்கிய, சமமான நிலம். மூன்றாம் நாள் வெயிலில் ஈரம் வற்றி வெடிப்புகள் விரியும். வேகப்பந்து வீச்சாளர்களின் காலணிகள் மிதித்த இடங்கள் சொரசொரப்பாகும். ஐந்தாம் நாள் பந்து ஒன்று முழங்காலுக்குக் கீழே ஊர்ந்துவரும். அடுத்தது நெஞ்சுக்கு எழும்பும். கடைசியாக மட்டை பிடிப்பவருக்கு அந்தக் கிழட்டு நிலமே வாய்க்கிறது. ஆகவே டாஸ் வென்றவர் முதலில் மட்டை பிடிப்பதே நம் நாட்டில் வழக்கம். நல்ல நிலத்தை முதலில் உழுதுகொள்ளும் உரிமை அது.

ஆடுகளத்தை மழைக்கு மூடிவைக்கும் வழக்கம் பரவாத காலத்தில் இந்த உரிமை இன்னும் கனமாக இருந்தது. 1950 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியத் தலைவர் லிண்ட்சே ஹாசெட் டாஸ் வென்று மட்டை பிடித்தார். 228 ஓட்டங்கள் கிடைத்தன. பிறகு பெருமழை. காய்ந்துவரும் சேற்றில் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 68 ஓட்டங்களோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டது. எதிரியை அதே சேற்றில் இறக்க வேண்டும் என்ற அவசரம். ஆஸ்திரேலியாவும் 7 விக்கெட்டுக்கு 32 ஓட்டங்களோடு நிறுத்திக்கொண்டு இங்கிலாந்தை மறுபடி இறக்கியது. இங்கிலாந்து 122க்கு வீழ்ந்தது. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே 70 ஓட்டங்கள். அங்கே காசின் பங்கு பெரியது என்பதை மறுக்க இயலாது. காசு வானிலையோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது என்றும் சொல்லலாம்.

ஆனால் அதே ஹாசெட் 1953இல் இங்கிலாந்துக்குச் சென்று, ஐந்து டெஸ்ட்களிலும் ஐந்து முறையும் டாஸ் வென்றார். நான்கு போட்டிகள் முடிவின்றிப் போயின. ஓவல் மைதானத்தில் நடந்த ஐந்தாவதில் இங்கிலாந்து வென்று, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஆஷஸ் பட்டத்தை மீட்டுக்கொண்டது. ஐந்து காசுகளும் ஹாசெட்டின் பையில். பட்டம் ஹட்டனின் கையில்.

இனி நம் சேப்பாக்கத்துக்கு வருவோம். எந்த ஊர்க் கணக்கையும்விட இந்த மைதானத்தின் கணக்கு நமக்குத் தெளிவாகப் பேசுகிறது. 1934 பிப்ரவரியில் இங்கே முதல் டெஸ்ட். இங்கிலாந்தின் ஜார்டின் டாஸ் வென்று மட்டை பிடித்தார், 335 ஓட்டங்கள். வெரிட்டியின் சுழலில் (49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்) இந்தியா 145க்குச் சுருண்டது. முடிவில் 202 ஓட்டங்களில் தோல்வி. 1949 சனவரியில் மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் காடர்ட் டாஸ் வென்றார். ரேயும் ஸ்டோல்மேயரும் முதல் விக்கெட்டுக்கு 239 சேர்க்க, அணி 582 எடுத்தது. இந்தியா ஓர் இன்னிங்ஸ், 193 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. அந்தத் தொடரின் ஐந்து போட்டிகளிலும் டாஸ் காடர்டுக்கே; முடிவு கிடைத்தது சென்னையில் மட்டுமே. இவ்விரண்டையும் மட்டும் பார்த்தவர் "டாஸ் போனால் ஆட்டம் போச்சு" என்று சொன்னால் குற்றமில்லை.

ஆனால் மூன்றாண்டு கழித்து நடந்ததைப் பாருங்கள். 1952 பிப்ரவரி 6. இங்கிலாந்தின் தலைவர் ஹோவர்டுக்கு உடல்நலமில்லாததால் டொனால்ட் கார் பொறுப்பேற்றார். அவரே டாஸ் வென்றார்; மட்டை பிடித்தார். சுழலுக்குச் சாதகமான நிலத்தில் முதல்நாள் ஆடும் உரிமை இங்கிலாந்துக்குக் கிடைத்துவிட்டது. அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்த செய்தி வந்தது. மறுநாள் ஓய்வு நாளாக்கப்பட்டது. அந்த மைதானத்தில் வினூ மன்காட் செய்ததை எந்தக் காசும் முன்னறிவிக்கவில்லை. 55 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகள். அவற்றுள் நான்கு, விக்கெட் காப்பாளர் சென் ஸ்டம்பிங் செய்தவை. 266க்கு இங்கிலாந்து முடிந்தது. பங்கஜ் ராய் 111, உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. இந்தியா 9 விக்கெட்டுக்கு 457. இரண்டாம் இன்னிங்ஸிலும் மன்காட் 4 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 183. ஓர் இன்னிங்ஸ், 8 ஓட்டங்களில் இந்தியா வென்றது. 1932 முதல் ஆடிவந்த இந்தியாவுக்கு அது இருபத்தைந்தாவது டெஸ்ட், முதல் வெற்றி. அந்த அணியில் சென்னை இளைஞர் சி. டி. கோபிநாத்தும் இருந்தார். டெஸ்ட் வரலாற்றில் நம் நாட்டின் முதல் வெற்றி, டாஸ் தோற்ற ஓர் ஆட்டத்திலேயே கிடைத்தது. தேநீர்க் கடைப் பெருமூச்சுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழியை நான் காணவில்லை.

1952 விதிவிலக்கு என்று தள்ளவும் முடியாது. 2001இல் ஸ்டீவ் வா மும்பை, கொல்கத்தா, சென்னை என மூன்று டெஸ்ட்களிலும் டாஸ் வென்றார். தொடரை 2–1 என்று வென்றது இந்தியா. சேப்பாக்கத்தில் ஹர்பஜன் சிங் 15 விக்கெட் வீழ்த்த, இரண்டு விக்கெட் மிச்சத்தில் வெற்றி. 2008 டிசம்பரில் இங்கிலாந்து டாஸ் வென்றது. ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ஆயினும் தேய்ந்த நிலத்தில் நான்காம் இன்னிங்ஸில் 387 ஓட்டங்களை இந்தியா நான்கே விக்கெட் இழப்பில் எட்டியது. டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103. மும்பைத் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்த நாட்கள் அவை. 2016இல் குக் டாஸ் வென்று 477 ஓட்டங்கள் சேர்த்தும், கருண் நாயரின் ஆட்டமிழக்காத 303 ஓட்டங்களின் துணையால் இந்தியா 759 எடுத்து, இன்னிங்ஸ் வெற்றி கண்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1999 சனவரியில் வாசிம் அக்ரம் டாஸ் வென்றார். கடைசி இன்னிங்ஸில் இந்தியாவுக்கு 271 தேவை. முதுகுவலியோடு 136 எடுத்த டெண்டுல்கர் வெளியேறியபோது பதினேழு ஓட்டங்களே பாக்கி. மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் விழுந்தன. பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. சேப்பாக்கம் எழுந்து நின்று அவ்வணிக்குக் கைதட்டியது. அந்தப் பன்னிரண்டு ஓட்டங்களில் காசின் பங்கு எத்தனை? எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. 1986 செப்டம்பரில் ஆலன் பார்டர் டாஸ் வென்று, டீன் ஜோன்ஸ் உடல்நீர் வற்றத் துவண்டபடியே 210 எடுக்க, 574 ஓட்டங்கள் குவித்த ஆட்டமோ கடைசியில் சரிசமமாக முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. காசு ஒரு பக்கம் விழுந்தது. ஆட்டம் எந்தப் பக்கமும் விழவில்லை.

தேர்வு செய்யும் உரிமை தவறாகத் தேர்வு செய்யும் உரிமையும் ஆகும். 1982 சனவரியில் இங்கிலாந்தின் ஃப்ளெட்சர் சேப்பாக்கத்தில் டாஸ் வென்று இந்தியாவை ஆட அழைத்தார். விசுவநாத் 222, யஷ்பால் சர்மா 140; இரண்டாம் நாள் முழுவதும் ஒரு விக்கெட்டும் விழவில்லை. 2024 அக்டோபரில் பெங்களூரில் ரோகித் சர்மா டாஸ் வென்று, மேகமூட்டத்தில் மட்டை பிடிக்கத் தீர்மானித்தார். இந்தியா 46 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அன்று டாஸ் தோற்றிருந்தால் நல்லதாயிற்றே என்று ஏங்கியவர் பலர்.

இத்தனைக்கும் நடுவே 2021 பிப்ரவரி ஒரு பாடநூல் போல அமைந்தது. ஒரே மைதானம், ஒரே இரண்டு அணிகள், ஒரு வார இடைவெளி. 5ஆம் தேதி தொடங்கிய முதல் டெஸ்டில் ஜோ ரூட் டாஸ் வென்றார். இங்கிலாந்து இரண்டு முழு நாட்களையும் கடந்து ஆடி 578 எடுத்தது. ரூட் மட்டும் 218. இந்தியா 227 ஓட்டங்களில் தோற்றது. 13ஆம் தேதி தொடங்கிய இரண்டாவதில் டாஸ் கோலிக்கு. வேறோர் ஆடுகளம், முதல்நாளிலிருந்தே சுழல். ரோகித் 161, இந்தியா 329, இங்கிலாந்து 134. இந்தியா 317 ஓட்டங்களில் வென்றது. இரண்டு டாஸ், இரண்டு வெற்றி. காசே தெய்வம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டாவது போட்டியின் மூன்றாம் இன்னிங்ஸை மறந்துவிடக் கூடாது. நிலம் முற்றிலும் சிதைந்திருந்த வேளையில், எட்டாவதாக இறங்கிய அசுவின், தம் சொந்த ஊர் மைதானத்தில் 106 எடுத்தார். அந்த நிலத்திலும் ஆட முடியும் என்பதற்கு அது சான்று. கற்றவருக்குக் களம் ஓரளவு வழிவிடுகிறது.

ஆகவே என் கணிப்பு இது. நூறாண்டுக்கு மேற்பட்ட டெஸ்ட் ஆட்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், டாஸ் வென்ற அணி தோற்ற அணியைவிடச் சற்றே கூடுதலாக வென்றிருக்கிறது, வேறுபாடு சிறியது. ஆனால் சில களங்களில், சில நாட்களில், அந்தச் சிறிய வேறுபாடு மலையளவாகிவிடுகிறது. மொத்தக் கணக்கு நியாயமாக இருப்பது, குறிப்பிட்ட ஒருநாளில் இழந்தவனுக்கு ஆறுதலாகாது. விராட் கோலி 2018இல் இங்கிலாந்தில் ஐந்து டாஸ்களையும் தோற்றார். தொடரையும் 1–4 எனத் தோற்றார். 2025இல் அதே நாட்டில் சுப்மன் கில்லும் ஐந்து டாஸ்களையும் தோற்றார்; தொடர் 2–2 என்று சமனாயிற்று. காசு இருவருக்கும் ஒரே அளவு கொடுமை செய்தது. விளைவு வேறானது.

இவ்வளவு ஐயத்துக்கு இடமளிக்கும் காசை ஏன் ஒழித்துவிடக் கூடாது? இக்கேள்வி அண்மையில் பெரிய சபைகளிலேயே எழுந்தது. இங்கிலாந்தின் கவுண்டி ஆட்டங்களில் 2016 முதல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். வெளியூர்த் தலைவர் விரும்பினால் காசு சுண்டாமலேயே முதலில் பந்து வீசலாம். அவருக்கு விருப்பமில்லையெனில் மட்டுமே டாஸ். உள்ளூர்க்காரர் தம் வேகப்பந்து வீச்சாளருக்காகப் பச்சைப் புல் களம் அமைப்பதைத் தடுப்பது நோக்கம். 1774 திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. 2019 பருவத்தோடு அது கைவிடப்பட்டது. 2018 மே மாதம் மும்பையில், அனில் கும்ப்ளே தலைமையில் கூடிய சர்வதேசக் கிரிக்கெட் குழுவும் இதை விவாதித்து, டாஸ் இருக்கட்டும் என்றே முடிவு செய்தது.

அம்முடிவு சரியென்றே நான் நினைக்கிறேன். ஆடுகளத்தை அமைப்பவன் உள்ளூர்க்காரன். புல்லும் உருளையும் நீர்க்குழாயும் அவனுடையவை. காலை ஒன்பது மணிக்குக் காற்றில் சுழலும் காசு ஒன்றே அவன் ஆட்சிக்குள் அடங்காதது. அதையும் எடுத்துவிட்டால் விருந்தாளிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதை விருந்தாளிக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால், உள்ளூர்க்காரன் எவருக்கும் பயனில்லாத செத்த களத்தை அமைப்பான்.

இந்த இடத்தில் பழவேற்காட்டு மீனவரைக் கேட்கலாம். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் அனுப்பம்பட்டு. பொன்னேரியில் கிழக்கே திரும்பினால் பழவேற்காட்டுச் சாலை. அதன் முடிவில், சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, காசும் அச்சடித்த ஊர் அது. ஆனால் அங்கே மீன்பிடிக்கும் இடத்தைப் பங்கிடுவது காசு சுண்டி அன்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் பரம்பரை மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக உண்டு. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பகுதிகளில் இறால் மிகுதி, தொலைவில் குறைவு. வல்லவன் வளமான இடத்தை வளைத்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு வரிசை வைக்கிறார்கள். வரிசை கிடைத்தபின் அது சுழல்கிறது. இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் மறுமுறை வேறிடத்துக்கு நகர வேண்டும். இன்று வெறும் வலையோடு திரும்பியவருக்கு நல்ல இடம் வந்தே தீரும்.

'பாடு' என்ற சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. மீன் கிடைப்பது மீன்பாடு. அவரவர் நிலையும் 'அவன் பாடு' தான். தவக்காலத்தில் நாம் தியானிப்பவையும் ஆண்டவரின் பாடுகளே. ஏரி மக்கள் தங்கள் பங்குக்கும் முறைக்கும் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

டெஸ்ட் டாஸுக்கும் ஏரிச் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகிறது. ஏரியில் அதிர்ஷ்டம் தொடக்கத்தை மட்டும் தீர்மானிக்கிறது; பிறகு முறை அதைச் சமன் செய்கிறது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு காலையும் அதிர்ஷ்டம் புதிதாகப் பிறக்கிறது. நேற்றைய இழப்பு அதன் நினைவில் இல்லை. அதனால்தான் ஒருவரே ஐந்து முறையும் இழக்க நேர்கிறது. முதல் போட்டியில் காசு, பிறகு மாறி மாறி என்று வைத்தால் என்ன என்று கேட்போர் உண்டு. எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் ஓர் இடையூறு: இம்முறை முதலில் ஆடப்போவது யார் என்று முன்னரே தெரிந்தால், உள்ளூர்க்காரன் அதற்கேற்பவே களத்தைச் செதுக்கிவிடுவான். ஏரியின் அடித்தளத்தை எந்தக் குப்பத்தானும் செதுக்க முடியாது. அதனால் அங்கே முறை செல்லுகிறது; இங்கே தயங்குகிறது.

சீட்டின் நியாயம் பற்றி நம் முன்னோரும் சிந்தித்திருக்கிறார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில், ஒரு சிறுவன் எடுப்பான். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் நிற்க இயலாது. இங்கும் சீட்டும் முறையும் கைகோத்து நிற்கின்றன. திருத்தூதர் பணிகள் நூலில், யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டினால்தான். அதற்கு முன் ஒரு தகுதி கேட்கப்பட்டது: ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற காலம் முதல் விண்ணேற்றம் வரை உடனிருந்தவராக இருக்க வேண்டும். தகுதியால் சமமான இருவருக்கிடையே மட்டுமே சீட்டு. எகிப்தின் காப்டிக் திருச்சபை 2012இல் தன் தலைவரைத் தெரிந்தபோதும், இறுதி மூவரின் பெயர்களிலிருந்து கண் கட்டிய சிறுவன் ஒருவனே ஒன்றை எடுத்தான். தமிழில் திருவுளச்சீட்டு என்ற அழகிய சொல் இந்த நம்பிக்கையிலிருந்தே வந்தது.

ஆனால் குடத்துக்குள் எவர் பெயர் போகிறது என்பது, குடத்திலிருந்து எவர் பெயர் வருகிறது என்பதைவிடப் பெரிய கேள்வி. உத்திரமேரூரில் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவர் பெயரே ஓலையில் ஏறியது. உழுதவன் பெயர் ஏறவில்லை. பெண்கள் பெயரும் ஏறவில்லை. பழவேற்காட்டிலும் பாட்டுக்கு உரியவர் ஊர்க்கட்டுக்குள் அடங்கிய குடும்பத்து ஆண்களே. கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டு இல்லை. சீட்டில் சேராத பிற ஊராருக்கும் சேர்ந்தவருக்கும் பூசல்கள் மூண்டதும் உண்டு. சீட்டு எவ்வளவு நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும், வெளியே நிற்பவருக்கு அந்த நேர்மையால் பயனில்லை.

டாஸ் போடும் இடத்துக்கே வர முடியாதவர் கிரிக்கெட்டிலும் உண்டு. இலங்கைத் தமிழரான மகாதேவ சதாசிவம் 1947இல் சேப்பாக்கத்தில் இலங்கை அணிக்காகத் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். பார்த்தவர்கள் பல ஆண்டுகள் அதைப் பேசினார்கள். 1948இல் பிராட்மனின் அணி கொழும்பில் இறங்கியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆனால் அவர் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. அவர் நாட்டுக்கு அந்தத் தகுதி அப்போது வழங்கப்படவில்லை. 1977இல் அவர் காலமானார். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி 1981இல் கிடைத்தது. 1982 செப்டம்பரில் அவ்வணி இந்திய மண்ணில் தன் முதல் டெஸ்டை அதே சேப்பாக்கத்தில் ஆடியது. துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 எடுத்தார். சதாசிவம் இழந்தது டாஸை அன்று.

இன்னொன்றும் ஏரிக்கரையில் தெரியும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் கடல்நீர் உள்ளே வருவதில்லை. இறால் குஞ்சுகளும் வருவதில்லை. அப்போது முதற்சீட்டு கிடைத்தவருக்கும் கடைசிச் சீட்டு கிடைத்தவருக்கும் வலையில் ஒன்றுபோலவே பாசி. சீட்டில் பிழையில்லை, நீர் செத்துவிட்டது.

சென்னையிலும் அப்படி ஒரு போட்டி நடந்தது. 1964 சனவரி, சேப்பாக்கத்தில் அன்று, பின்னாளில் நேரு விளையாட்டரங்கம் எனப் பெயர் பெற்ற கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். பட்டோடி டாஸ் வென்றார். குந்தேரன் 192 எடுக்க, இந்தியா 7 விக்கெட்டுக்கு 457. பின்னர் பாபு நட்கர்னி பந்து வீச வந்தார்: 32 ஓவர்கள், 5 ஓட்டங்கள், தொடர்ந்து 21 ஓவர்களில் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. விக்கெட்டும் விழவில்லை. அந்தத் தொடரின் ஐந்து போட்டிகளிலும் காசு பட்டோடியின் பக்கமே விழுந்தது. ஐந்தும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன.